பக்கத்து வீட்டு மூங்கில் சுவருக்கு அடியில் வருகிறது. வேர்த்தடுப்பு போட்டால் நிற்குமா?

கேள்வி சுருக்கமாக இது. கோத்தகிரியில் வீடு. சற்று மேடான பக்கத்தில் இருக்கும் அடுத்த வீட்டுக்காரர் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் மறைப்புக்காக வைத்த மூங்கில், இப்போது காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் புகுந்து உங்கள் புல்தரையில் முளைக்கிறது. சுவரோரம் வேர்த்தடுப்பு போட்டால் நிற்குமா, எவ்வளவு ஆழம் வேண்டும், தகரம் போதுமா, தோட்டத்தின் கீழ்ச்சரிவில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடிக்கும் அதே தடுப்பு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: உண்ணிச்செடிக்கு உதவவே உதவாது. மூங்கிலுக்கு உதவும். ஆனால் தடுப்பைப் புதைத்து, மண்ணை மூடி, கையைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறவர்களுக்கு மூங்கிலிலும் உதவாது. கோவையிலும் மலையிலுமாக இருபது வருடத்துக்கு மேல் தோட்டம் போட்டுக் கொடுக்கிறேன். இந்த வேலையில் நான் வாங்கிய அடியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கல்யாண வீட்டில் பெரியவர்கள் வாழ்த்துவார்களே, "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ்க" என்று. தோட்டக்காரன் காதுக்கு அது புகார்ப் பட்டியலாகக் கேட்கும். ஆலங்கன்று மொட்டைமாடிச் சுவர் வெடிப்பில், அருகு நடைபாதைக் கல் இடுக்கில், மூங்கில் பக்கத்து வீட்டில். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்த மூன்றைப் பற்றித்தான். ஆனால் அந்த வாழ்த்தில் வரும் மூங்கில் வேறு, உங்கள் சுவருக்கு அடியில் வரும் மூங்கில் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் தடுப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

நம் காடுகளின் பெருமூங்கிலும் கல்மூங்கிலும் குத்தாக வளர்பவை. அவற்றின் கிழங்கு குட்டையாகவும் தடித்தும் இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் மேல்நோக்கி வளைந்து அதுவே தண்டாக எழுந்துவிடும். அதனால் புதுக்குருத்து தாய்த்தண்டை ஒட்டியே வரும்; சுற்றம் சுற்றமாகவே நிற்கும். குத்து வருடா வருடம் கொஞ்சம் பருக்குமே தவிர, பத்தடி தள்ளி இன்னொருவர் வீட்டுப் புல்தரையில் எழுந்து நிற்காது. அதற்குத் தடுப்பே தேவையில்லை. ஓரத்தில் வரும் குருத்தை ஒரு முழம் உயரும்போது உதைத்தால் ஒடிந்துவிடும், அவ்வளவுதான்.

சீனா, ஜப்பான் பக்கத்து மூங்கில்களில் பல ஓடும் வகை. கிழங்கு ஒல்லியாக, நீளமாக, தண்டாக மாறாமல் மண்ணுக்குள் கிடையாகப் போய்க்கொண்டே இருக்கும். கணுவுக்குக் கணு ஒரு மொட்டு. சில மொட்டுகள் மேலே குருத்தாகும், சில கிளைக்கிழங்காகப் பிரியும், மீதி பேசாமல் காத்திருக்கும். நல்ல மண்ணில் ஒரே பருவத்தில் சில மீட்டர் தூரம் போய்விடும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால் பெயரில். நாற்றுப்பண்ணைகளில் "கோல்டன் பாம்பூ" என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் இருக்கின்றன. ஒன்று, மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு ஓடும் தடித்த மூங்கில். சமவெளியில் கல்யாண மண்டப வாசலிலும் ஓட்டல் வாசலிலும் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். இது குத்து வகை, சாது. மற்றது பைலோஸ்டாக்கிஸ் ஆரியா என்ற சீன மூங்கில். தண்டு பெருவிரல் பருமன், இருபது இருபத்தைந்தடி உயரம், குளிர்ந்த இடம் என்றால் குதூகலம். மறைப்புக்கு இதைவிட அழகான செடி கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் பக்கம் முளைத்திருப்பதில் ஒரு முற்றிய தண்டைப் பிடித்து, கிளை பிரியும் கணுவுக்குச் சற்று மேலே விரலால் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தட்டையாக, நீளவாக்கில் பள்ளம் ஓடினால் பைலோஸ்டாக்கிஸ் இனம். ஒரு கணுவில் இரண்டு கிளைகள் இருக்கும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அடித்தண்டில் சில கணுக்கள் யாரோ அழுத்தி நசுக்கியதுபோல் நெருக்கமாகவும் கோணலாகவும் இருந்தால் அது ஆரியாதான். இதெல்லாம் வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி உண்டு: குருத்துகள் புல்தரையில் கயிறு பிடித்து நட்டதுபோல் வரிசையாக முளைத்திருக்கின்றனவா பாருங்கள். அந்த வரிசைக்கு அடியில் கிழங்கு படுத்திருக்கிறது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2015 முதல் இந்த ஆரியாவை விற்பதற்கே தடை போட்டிருக்கிறது. கனெக்டிகட்டில் பக்கத்து நிலத்திலிருந்து 40 அடிக்குள் ஓடும் மூங்கிலை நடுவதென்றால் வேர்த்தடுப்போ தொட்டியோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இங்கே "சீக்கிரம் அடர்ந்துவிடும் சார்" என்ற சிபாரிசோடு கொடுத்து அனுப்புகிறார்கள். சொன்னது பொய்யில்லை.

அடுத்து தடுப்பு. தோண்டி எடுத்த கிழங்கின் நுனியைக் கழுவிக் கையில் வைத்துப் பாருங்கள். தந்த நிறத்தில், கன்றுக்குட்டிக்கு முளைக்கும் கொம்புபோல் இருக்கும். செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இறுகி நுனியில் கூராக முடிந்திருக்கும். நகத்தால் அழுத்தினால் இறங்காது. இதைப் பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும் ஆயுதம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது சோம்பேறி. கல் வந்தால் சுற்றிக்கொண்டு போகும். வழவழப்பான பரப்பு வந்தால் அதை ஒட்டியே திரும்பிப் போகும். இடுக்கு கிடைக்கும் வரை போகும். கிடைத்தால் நுழையும். சுவர் அஸ்திவாரத்தை மூங்கில் உடைத்துவிட்டது என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் மிகை. காம்பவுண்டுச் சுவருக்கு நாம் போடுவது கருங்கல் அஸ்திவாரம், இரண்டடி ஆழம் இருந்தால் அதிகம், கல்லுக்குக் கல் நடுவே கலவை பாதி இடத்தில் இருக்காது. மூங்கிலுக்கு அது திறந்த வாசல்.

தகரம் கேட்டீர்கள். மலை மழையில் ஈர மண்ணுக்குள் தகரம் சில வருடங்களில் துருப்பிடித்து ஓட்டையாகும், அப்புறம் அதைத் தோண்டி எடுக்கும்போது கையைக் கிழிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டவே வேண்டாம். ஒரு வீட்டில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை நான்காக மடித்துப் புதைத்திருந்தார்கள். தோண்டியபோது, வாழ்த்துப் பேனரில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தவரின் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு கிழங்கு போயிருந்தது.

சிரிக்க எனக்குத் தகுதியில்லை. முதன்முதலில் குன்னூரில் ஒரு வீட்டுக்கு இந்த வேலையைச் செய்தபோது, பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் கறுப்பு விரிப்பை வாங்கிக்கொண்டு போனேன். 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர். குட்டைத் தண்ணீரையே தாங்குகிறது, மூங்கிலைத் தாங்காதா என்று கணக்கு. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டடி ஏற்றிவிட்டேன். மண்ணின் பாரமே அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மூன்றாம் வருடம் ரோஜாப் பாத்திக்குள் குருத்து. தோண்டிப் பார்த்தோம். விரிப்பில் ஒரு கீறல்கூட இல்லை. கிழங்கு அதை ஒட்டியபடியே பதினோரு அடி வந்து, இரண்டு துண்டுகளும் ஏறியிருந்த இடத்தில் உள்ளே நுழைந்து, அந்த இரண்டடியையும் உறைக்குள் கத்தி போவதுபோல் கடந்து வெளியே வந்திருந்தது. நசுங்கிச் சப்பையாக இருந்தது, ஆனால் உயிரோடு. அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார். அடுத்த தடவை என் செலவில் போட்டுக் கொடுத்தேன்.

எனவே பொருளைவிட மூட்டுதான் முக்கியம். பொருள் என்ன என்றால், எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தகடு, 1.5 மில்லிமீட்டர் கனம். நகராட்சிக் குப்பைக் கிடங்குகளின் அடியில் கசிவு இறங்காமல் விரிப்பதற்கு நம் நாட்டுத் திடக்கழிவு விதிகள் சொல்வதும் இதே 1.5 மில்லிமீட்டர் தகடுதான். அதனால் இந்தத் தகட்டை ஜியோமெம்பிரேன் என்ற பெயரில் விற்பவர்களிடம் கிடைக்கும். சுருளாக வரும், வெயிலில் அரை மணி நேரம் விரித்துப் போட்டால்தான் சொன்ன பேச்சு கேட்கும். எழுபத்தைந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு, அதாவது இரண்டரை அடிக்கு, வெட்டிக்கொள்ளுங்கள். கிழங்குகளில் பெரும்பாலானவை மேல் ஒன்றரை அடி மண்ணுக்குள்ளேதான் ஓடும், காற்றும் மட்கும் இருப்பது அங்கேதான். எழுபது சென்டிமீட்டர் மண்ணுக்குள், ஐந்து சென்டிமீட்டர் மண்ணுக்கு மேலே. அந்த ஐந்து சென்டிமீட்டர் அசிங்கமாக இருக்கிறது என்று யாராவது மண் போட்டு மூடினால் மொத்த வேலையும் வீண். மூடிய மண் வழியாகக் கிழங்கு ஏறி அந்தப் பக்கம் குதித்துவிடும்.

மூட்டுகளை வெறுமனே ஏற்றிவைக்கக் கூடாது. ஓரடி ஏற்றி, நடுவில் பியூட்டைல் ஒட்டுநாடா வைத்து, இருபக்கமும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை கொடுத்து போல்ட்டால் இறுக்க வேண்டும். தகடு விரிப்பவர்களிடம் வெப்பத்தால் ஒட்டும் கருவி இருந்தால் அது இன்னும் நல்லது. மூட்டே இல்லாமல் ஒரே துண்டாகப் போட முடிந்தால் எல்லாவற்றிலும் நல்லது. மூலைகளை மடிக்காதீர்கள், வளைத்துத் திருப்புங்கள்.

தகட்டை நேர்குத்தாக நிறுத்தாமல், மேல்விளிம்பு மூங்கிலுக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சாயும்படி நிறுத்துங்கள். உங்கள் விஷயத்தில் மேல்விளிம்பு உங்கள் பக்கம் சாய வேண்டும். வந்து முட்டும் கிழங்கு அந்தச் சாய்வில் மேல்நோக்கித் திரும்பும். பள்ளத்தின் அடிமண்ணைக் கிளறிவிடாதீர்கள். மூங்கில் பக்கம் மண் நிரப்பும்போது கீழ் ஒரு அடியைத் திம்மிசு போட்டு நன்றாக இடித்து இறுக்குங்கள். பொலபொலவென்று நிரப்பினால், இயல்பாக ஒன்றரை அடியில் ஓடும் கிழங்குக்கு இரண்டரை அடிக்கு இறங்க நாமே பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும். குப்பையும் உரமும் கலந்து நிரப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்தபின் தடுப்பு என்ன செய்கிறது? கிழங்கைக் கொல்லவில்லை, நிறுத்தவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்ததைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு ஏற்றிவிடுகிறது. அங்கே அரிவாளோடு ஒருவர் வர வேண்டும். வரவில்லையென்றால் அது விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கி, மறுபக்கம் வழக்கம்போல் ஓடும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்த விளிம்பு நெடுக நடந்து பார்க்க உங்களுக்கு நேரமில்லை என்றால் தகடு வாங்காதீர்கள்.

இணையத்தில் தேடியிருந்தால் 3 மீட்டர் ஆழம், 7 மீட்டர் தூரம் என்ற எண்களைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். அவை மூங்கிலுக்கானவை இல்லை. பிரிட்டனில் ஜப்பானிய நாட்வீட் என்ற செடிக்காகச் சொல்லப்பட்டவை. ஃபிலிப் ஃபொன் சீபோல்ட் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த செடி அது. 1850இல் அவரிடமிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் கிழங்கில் விரல்நகம் அளவுத் துண்டு போதும், புதுச்செடி எழும். வீட்டுக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும் அளவுக்கு அங்கே அது பெரிய விவகாரம். சவுத் வேல்ஸில் ரயில்வே நிலத்திலிருந்து பக்கத்து வீடுகளை நெருங்கி வந்த நாட்வீட்டுக்காக, அங்கே ரயில்பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செடிக்கான அளவுகளை எடுத்துக்கொண்டு கோத்தகிரிச் சரிவில் பத்தடிப் பள்ளம் தோண்டினால், மூங்கிலுக்கு முன்னால் சுவர் உங்கள் பக்கம் வந்துவிடும்.

இங்கேதான் உங்கள் இடத்துக்கென்று ஒரு யோசனை. மேலே சொன்ன தகட்டு வேலை தட்டையான நிலத்துக்கு அருமையானது. உங்கள் இடத்தில் மூங்கில் மேட்டுப் பக்கம், நீங்கள் பள்ளத்தில். சரிவுக்குக் குறுக்காக எழுபது சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் புகாத தகட்டை நிறுத்துவது, மண்ணுக்குள் ஓர் அணை கட்டுவதற்குச் சமம். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மழை பிடித்துக்கொள்ளும்போது, இறங்கி வரும் ஊற்றுநீர் தகட்டில் தேங்கி அந்தக் கருங்கல் அஸ்திவாரத்தை ஊறவைக்கும். நான் உங்களுக்குத் தகடு சொல்ல மாட்டேன். வாய்க்கால் சொல்வேன்.

சமவெளி விவசாயிகள் செய்வதுதான். பக்கத்துத் தோட்டத்துப் புளியோ தைலமரமோ வரப்பைத் தாண்டி வேர்விட்டு வெள்ளாமையைக் குடித்தால், வரப்போரம் ஒரு குழி நீளமாக எடுத்து வேரை வெட்டிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கொரு தடவை அதையே மறுபடி தூர் எடுப்பார்கள். அதேபோல் ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் திறந்த வாய்க்கால். சுவரை ஒட்டி வேண்டாம், அஸ்திவாரத்தின் பிடி போய்விடும். குறைந்தது இரண்டடி தள்ளி வெட்டுங்கள். ஓடி வரும் கிழங்கு மண் முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் தலையை நீட்டும். வெள்ளையாக, வாய்க்கால் சுவரிலிருந்து விரல் நீட்டுவதுபோல் தெரியும். வெட்டிவிட வேண்டியதுதான். மழைநீரும் அதன் வழியே வடிந்துபோகும். வாய்க்காலுக்கு லேசான வாட்டம் கொடுத்து, தண்ணீர் கீழ் வீட்டுக்காரர் தலையில் விழாமல் இருக்கிற வடிகாலில் சேர்த்துவிடுங்கள். சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் உள்ள இரண்டடியில் குருத்து வரும். அதை விட்டுக்கொடுத்துவிடுங்கள், வரும்போதெல்லாம் ஒடித்தால் போதும். வாய்க்காலில் சருகு சேர்ந்து மண் மூடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் வேலை. மூடினால் அது வாய்க்கால் இல்லை, மூங்கிலுக்கு நீங்கள் போட்ட பாத்தி.

ஆள் வைத்துக் கையால் வெட்டுங்கள். நீலகிரியில் ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்த அளவு வேலைக்கு அது தேவையும் இல்லை. பொங்கல் கழிந்து மாசிக்குள் முடித்துவிடுங்கள். மண் காய்ந்திருக்கும், கோடை மழையில் குருத்து கிளம்புவதற்கு முன் வேலை முடிந்திருக்கும்.

வாய்க்கால் வெட்டிய அன்றே உங்கள் பக்கத்துக் கிழங்குகள் தாயிடமிருந்து அறுபட்டுவிடும். சாகாது. ஒவ்வொன்றிலும் சேமிப்பு இருக்கிறது, தனிக்குடித்தனம் நடத்தும். புல்தரையில் குருத்து வரும் வரிசையைப் பிடித்து, ஒரு முனையில் கடப்பாரை போட்டு நெம்பி, கயிறு இழுப்பதுபோல் இழுத்தால் நீளமாக உரிந்து வரும். மழை பெய்து இரண்டு நாள் கழித்துச் செய்தால் பாதி வேலை மிச்சம். சிக்காததை விட்டுவிட்டு, குருத்து வரும்போதெல்லாம் இலை விரிவதற்கு முன் ஒடித்துக்கொண்டே வாருங்கள். இலை விட்டால்தான் அது சம்பாதிக்கும். இல்லையென்றால் சேமிப்பைத் தின்று தீர்க்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துபோகும். டீசல், உப்பு ஊற்றச் சொல்லி யாராவது வருவார்கள், உங்கள் மண்தான் கெடும். களைக்கொல்லி அடிப்பதும் யோசித்துச் செய்ய வேண்டியது. எங்கோ அறுபடாமல் ஒரு கிழங்கு மேல்வீட்டோடு சேர்ந்திருந்தால், அடிப்பது உங்கள் புல்லில், வாடுவது அவர் வேலியில்.

ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி எறியவும் வேண்டாம். நிலநடுக்கம் வந்தால் மூங்கில் தோப்புக்கு ஓடு என்று ஜப்பானில் சொல்வார்கள். கிழங்கு வலைபோல் பின்னி மேல்மண்ணைப் பிடித்திருக்கும் என்பதால். அதே ஜப்பானில் கவனிப்பாரற்ற மூங்கில் தோப்புகள் இன்று மலையடிவாரக் காடுகளுக்குள் புகுந்துகொண்டிருக்கின்றன என்பது வேறு கதை. உங்கள் சரிவில் அந்த வலையை மொத்தமாக உருவினால் முதல் மழைக்கே மண் இறங்கும். உருவிய இடத்தில் உடனே வேறு புல்லோ செடியோ வையுங்கள்.

மேல்வீட்டுக்காரரிடம் பேசினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தடுப்பு போடச் சிறந்த இடம் உங்கள் எல்லை இல்லை, அவருடைய மூங்கிலைச் சுற்றித்தான். செடியைச் சுற்றி வட்டமாகப் போட்டால் நான்கு பக்கமும் அடைபடும். உங்கள் எல்லையில் கோடாகப் போட்டால் இரண்டு முனைகளும் திறந்தே இருக்கும், மூங்கில் முனையைச் சுற்றிக்கொண்டு வரும். அதனால் வாய்க்காலை மூங்கில் நிற்கும் அகலத்துக்கு மேல் இருபுறமும் நாலைந்து மீட்டர் கூட்டியே வெட்ட வேண்டியிருக்கும். அவருக்கும் இது தலைவலியாகத்தான் இருக்கும். அவர் வீட்டு நடைபாதையில் இந்நேரம் முளைத்திருக்கும். ஒரு குருத்தை ஒடித்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டிப் பேச்சைத் தொடங்குங்கள்.

உண்ணிச்செடிக்கு வருகிறேன். தடுப்பு வேலை செய்வது கிழங்காலும் ஓடுவேராலும் பரவும் செடிகளுக்கு. உண்ணியைப் பரப்புவது கொண்டைக்குருவி. பழத்தைத் தின்று உங்கள் தலைக்கு மேலே பறந்து போய், மின்கம்பியில் உட்கார்ந்து, அதன் கீழே விதைத்துவிட்டுப் போகிறது. எவ்வளவு ஆழத்துக்குத் தகடு போடுவீர்கள்? தரைமட்டத்தில் வெட்டினாலோ தூரிலிருந்து முன்னைவிட அதிகமாகத் தழைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. ஆர். பாபு குழுவினர் சொன்ன முறை எனக்குப் பலன் கொடுத்திருக்கிறது. தண்டும் வேரும் சேரும் முடிச்சுக்குக் கீழே, மண்ணுக்குள் மூன்று நான்கு விரற்கடை ஆழத்தில், ஆணிவேரைக் கொந்தாலால் வெட்டி, தூரோடு தூக்கித் தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். தழைக்கும் மொட்டெல்லாம் அந்த முடிச்சில்தான். பிறகு விழுந்து கிடக்கும் விதைகள் முளைக்கும். நாற்றாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். வெட்டிய குச்சியை எரிக்காதீர்கள், வாங்க ஆள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிக்குச்சியால் செய்த முழு அளவு யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

சீமைக் கருவேலமும் அப்படித்தான். ஆடுமாடு காயைத் தின்று சாணத்தில் விதைக்கிறது, தகடு எதற்கு? புல் வகைகள் நடுவில் வருகின்றன. உங்கள் ஊர்க் கிக்குயுப் புல்லும் அருகும் பாத்திக்குள் வராமலிருக்க முக்கால் அடி ஆழத்துக்கு ஒரு விளிம்புத் தகடு போட்டு, மேலே தாவி வரும் கொடியை அவ்வப்போது நறுக்கினால் போதும். கோரை மட்டும் விதிவிலக்கு. தக்காளித் தோட்டத்தில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பை ஊசிபோல் குத்திக்கொண்டு வெளியே வந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். இத்துனூண்டு புல்லுக்கு மூங்கிலுக்கு இல்லாத பிடிவாதம். மரங்களின் வேர் வேறு விஷயம். வீட்டோரம் நிற்கும் பெரிய மரத்துக்கு ஒரு பக்கம் தடுப்பு போடுவதற்காக வேரை வெட்டினால், அடுத்த காற்றுக்கு அது எந்தப் பக்கம் சாயும் என்பதை யோசித்துவிட்டு வெட்டுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். உருவி எடுத்த மூங்கில் கிழங்கை ஓடையோரத்திலோ ரோட்டோரச் சரிவிலோ கொட்டாதீர்கள். ஒரு எஸ்டேட் பாதை வளைவில் அப்படிக் கொட்டிய குவியல் இரண்டு வருடத்தில் ஆள் மறையும் புதராக நின்றதைப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து ஓடை பத்தடி தூரம்தான். கணுவுக்குக் கணு வெட்டி, மண்ணில் படாமல், தகரத்தின்மேல் பரப்பி வெயிலில் போடுங்கள். தகரம் வேண்டுமா என்று கேட்டீர்களே, அதற்கு வேண்டும். உங்கள் ஊர் வெயிலில் சில வாரங்கள் பிடிக்கும். ஒடித்தால் ஈரமில்லாமல் சடக்கென்று முறிகிறதா பாருங்கள். முறிந்தால் அடுப்புக்குப் போகலாம்.